தெளிவும் தூய்மையும்

கரியைப் பற்றி உலகத்தில் நல்ல அபிப்பிராயம் கிடையாது. கையில் பட்டால் கை கறுக்கும். வேஷ்டியில் பட்டால் வேஷ்டி கெடும். ஆயினும் அழுக்கைப் போக்குவதில் கரிக்குள்ள சாமர்த்தியத்தை முன்னோர் அறிந்தே இருந்தார்கள். மணலும் கரியும் கூழாங்கல்லும் இட்ட பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் குடிநீரை வடித்தெடுத்ததை வயதானவர்கள் இன்றும் நினைவு கூர்வார்கள். அந்தக் கரி இப்பொழுது புதுக் கோலம் பூண்டு, கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் வீடுகளில் புகுந்திருக்கிறது. வடிகட்டியினுள் ஒரு சிறு வலைப்பையில் அடக்கமாக உட்கார்ந்திருக்கும் அந்தக் கறுப்புக் குருணைக்கு ஆக்டிவேட்டட் கார்பன் என்று பெயர். கிளர்வூட்டிய கரி என்று நாம் சொல்லலாம்.

அடுப்புக் கரிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கொட்டாங்கச்சியைக் காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கி, அந்தக் கரியின் மீது 800 முதல் 1,000 டிகிரி வரை வெப்பமுள்ள நீராவியைச் செலுத்துகிறார்கள். நீராவி கரியை உள்ளுக்குள் அரித்து, கண்ணுக்குப் புலனாகாத கோடானுகோடித் துவாரங்களை உண்டாக்கிவிடுகிறது. அத்துவாரங்களின் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்பினால், ஒரே கிராம் கரியில் ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர் தேறும். சென்னைக் கணக்கில் நான்கு கிரவுண்டுக்கு மேல்! முதல் மகாயுத்தத்தின்போது, 1915-இல், ருஷ்ய ரஸாயன சாஸ்திரியான ஜெலின்ஸ்கி விஷ வாயுவைத் தடுக்கும் முகமூடிக்குக் கரியைப் பயன்படுத்தினார். அமெரிக்காவில் 1918-இல் இதற்காகவே பழக்கொட்டைகளையும் கொட்டாங்கச்சிகளையும் ஜனங்களிடமிருந்து சேகரித்தார்கள். அன்று போர்வீரனின் மூச்சைக் காத்த பொருள்தான் இன்று நம் கூடத்தில் மீனுக்கு ஊழியம் செய்கிறது.

கரி அழுக்கை எவ்வாறு பிடிக்கிறது என்று வகுப்பில் கேட்டால், "பஞ்சு தண்ணீரைக் குடிப்பதுபோல" என்று பிள்ளைகள் விடை சொல்வார்கள். அப்படியன்று. பாழ்மண்டபத்தின் விதானத்தில் வௌவால்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன அல்லவா? அதுபோலவே, ஜலத்தில் கரைந்துள்ள சில பொருள்கள் கரியின் துவாரச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. விதானம் நிறைந்துவிட்டால் அடுத்த வௌவாலுக்கு இடமில்லை. கரியின் ஆயுளும் அவ்வளவே. சாதாரணமாக மூன்று நான்கு வாரங்களில் அது ஓய்ந்துவிடும். அதை வெந்நீரில் போட்டோ வெயிலில் காயவைத்தோ மறுபடி எழுப்ப முடியாது. அதற்கு வேண்டிய உக்கிரமான வெப்பம் எந்த வீட்டு அடுப்பிலும் இல்லை.

இங்கே ஒரு பாகுபாட்டை வாசகர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஜலத்தில் கலங்கல் என்பது வேறு, நிறம் வேறு, நஞ்சு வேறு. கலங்கல், மிதக்கும் துகள்களால் வருவது. ஆற்று நீரில் அதற்குத் தேற்றாங்கொட்டை. தொட்டியில் அதற்கு நுரைப்பஞ்சு. நிறம் என்பது மரத்துண்டும் மட்கிய இரையும் கரைந்து வரும் மஞ்சள். அதற்குக் கரி நிகரற்ற மருந்து. துர்நாற்றத்தையும், குழாய் நீரில் எஞ்சியுள்ள குளோரினையும்கூட அது வாங்கிக்கொள்ளும். ஆனால் நஞ்சு? மீன் தன் செவுள்களின் வழியே இடைவிடாது வெளியிடும் அம்மோனியாவைக் கரி பிடிப்பதில்லை. அம்மோனியாவுக்கு நிறமும் கிடையாது.

நமது தெருவில் ஒரு நண்பர், தம் பத்து வயதுப் பெண்ணின் ஆசைக்காகத் தொட்டி வாங்கினார். காலையில் ஜலம் நிரப்பி, மாலையிலேயே ஆறு தங்க மீன்களை விட்டார். கடைக்காரர் சொன்னபடி கரியும் தாராளமாக இட்டார். தொட்டியில் ஜலம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகிக்கும்படி அப்படியொரு தெளிவு! ஐந்தாம் நாள் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. எட்டாம் நாளுக்குள் நான்கு இறந்தன.

"தண்ணி சுத்தமாத்தானே ஸார் இருக்கு? அப்புறம் ஏன் செத்துப் போச்சு?" என்று அந்தக் குழந்தை கேட்டாள். நம்மிடமிருந்த பரிசோதனைத் துளிகளை அந்த ஜலத்தில் விட்டுக் காட்டினோம். மஞ்சளாகவே நிற்க வேண்டிய திரவம் கரும்பச்சையாக மாறிற்று. குழந்தை ஒன்றும் பேசவில்லை. தொட்டியையும் பரிசோதனைக் குழாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உடனே பாதி ஜலத்தை மாற்றச் செய்தோம், இரையைக் குறைத்தோம், நெடுநாளாக மீன் வாழும் வேறொரு தொட்டியின் பழைய நுரைப்பஞ்சைக் கொண்டுவந்து வைத்தோம். எஞ்சிய இரண்டும் பிழைத்தன.

அந்தப் பழைய பஞ்சில் என்ன மகிமை? அதில் நுண்ணுயிர்கள் குடியிருந்தன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். மற்றொரு வகை அதை, அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றும். புதுத் தொட்டியில் இக்குடிகள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். இந்தக் காத்திருப்புக்குப் பதிலாக விலைக்கு வாங்கக்கூடிய கரி எதுவும் இல்லை. கடைசியில் சேரும் நைட்ரேட்டும் கரிக்கு வசப்படாது. வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு ஜலத்தை மாற்றுவதே அதற்கு வழி.

ஆகவே கரியை உபயோகிப்போர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். கறுப்புத் தூள் போகும்வரை அலசி, பையில் இட்டு, நுரைப்பஞ்சுக்கு அப்பால் வையுங்கள். கரியையும் பஞ்சையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். மீனுக்கு மருந்து விடும்போது கரியை எடுத்துவிடுங்கள். இல்லையேல் மருந்தையும் அதுவே விழுங்கிவிடும். சிகிச்சை முடிந்தபின் மீந்த மருந்தைப் போக்க, புதுக் கரியை இடலாம். சண்டை மீனுக்கென்று நாட்டு வாதாம் இலையை ஊறப்போட்டு ஜலத்தைப் பழுப்பாக்குவோருக்குக் கரியே வேண்டியதில்லை. ஒழுங்காக ஜலம் மாற்றும் பல வீடுகளிலும் அது இல்லாமலே மீன்கள் சுகமாக இருக்கின்றன.

கரியைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. தனக்கிட்ட வேலையை அது செவ்வனே செய்கிறது. தனக்கில்லாத வேலையையும் அது செய்ததாக நம்பிவிடுவது நமது கண்தான். ஜலம் நமக்கு வேடிக்கை பார்க்கும் கண்ணாடி. மீனுக்கோ அதுவே மூச்சு. தொட்டியின் முன் நிற்கும் குழந்தைகளுக்கு இந்த ஒரு வித்தியாசத்தைக் கற்பித்துவிட்டால், மீன்கள் பிழைப்பதோடு, தெளிவாகத் தோன்றுவதையெல்லாம் பரிசோதியாமல் நம்பாத நல்ல புத்தியும் அவர்களுக்கு உண்டாகும்.