மாமாவின் அம்பாசிடர்

எங்கள் சேதராப்பட்டு வீட்டு வாசலில் 30 வருஷமாக நின்ற கறுப்பு அம்பாசிடரை விற்பதென்று முடிவாயிற்று. மாமனார் மறுத்துப் பேசவில்லை. “போறதுக்கு முன்னாடி நல்லதா ஒரு போட்டோ எடுத்துக் குடும்மா” என்றார், அவ்வளவுதான்.

உச்சி வெயிலில், நின்றபடியே என் போனில் எடுத்தேன். கூரை வெளுத்துப் போச்சு. கீழே ஒரே இருட்டு. ரொம்பக் கிட்டே போனதால் முன்பக்கம் வீங்கிக் கிடந்தது. போதாததற்குப் பளபளக்கும் கதவில் நைட்டியோடு நான்!

மறுநாள் காலை ஆறரைக்கே ஊசுட்டேரிப் பக்கம் போனோம். இளவெயில் என் முதுகுக்குப் பின்னால். என் நிழல் வண்டிமேல் விழாதபடி ஒதுங்கிக்கொண்டேன். குத்துக்காலிட்டு, விளக்கின் உயரத்துக்குப் போனைப் பிடித்தேன். பதினைந்தடி தள்ளி நின்று, இரண்டு மடங்கு பெரிதாக்கினேன். முன்சக்கரத்தின் முகம் தெரிய ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்பச் சொன்னேன். கூரைமேல் கரண்ட் கம்பம் முளைத்தாற்போல் தெரியவே, ஓரடி நகர்ந்தேன். வண்டி கம்பீரமாக வந்தது!

கல்கத்தா பக்கத்தில் உத்தரபாரா ஆலையில் 2014-லேயே அம்பாசிடர் செய்வதை நிறுத்திவிட்டார்கள். இனி புதிதாக ஒன்று வராது. அதை நினைத்ததும், “மாமா, நீங்களும் உட்காருங்க” என்றேன். ஸ்டியரிங்கை ஒருமுறை தடவிவிட்டு உட்கார்ந்தார்.

கை நடுங்கியதால் அந்தப் படம் கொஞ்சம் கலங்கல்தான். ஆனால் மாமா கூடத்தில் மாட்டச் சொன்னது அதைத்தான்.

சகோதரிகளே, உங்கள் வீட்டு வண்டியைப் படம் எடுக்கும்போது, ஓட்டியவரையும் சேர்த்து எடுங்கள்.