வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும் இரவுப் பேருந்துகள் பலவற்றுக்கு வெள்ளவத்தையே முடிவிடம். விடியுமுன், ஆளரவம் அடங்கிய காலி வீதியில், பனங்கட்டிக் குட்டான்களும் ஒடியல்மாப் பொதிகளும் மிளகாய்த்தூள்ப் போத்தல்களுமாகப் பிரயாணிகள் இறங்கித் தத்தம் ஒழுங்கைகளை நாடிக் கலைந்து போவர். சென்ற மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாமும் அவ்வாறே இறங்கினோம். ஆனால் எம் கைப்பையிற் பனங்கட்டி இருக்கவில்லை. அதைக் கொண்டுவரவே கூடாதென்று எம் தமக்கையார் தொலைபேசியிற் கண்டிப்பாய்ச் சொல்லியிருந்தார்.

அவருடைய வீடு கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில், நான்காம் மாடியில் உள்ளது. 1983 ஜூலையில் நெருப்புக்கு இரையான வீடுகள் இருந்த ஒழுங்கைகளில் இன்று தொடர்மாடிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. கதவைத் திறந்துவிட்டவர் அத்தார். தமக்கையார் யன்னலோரத்துச் சாய்வு நாற்காலியிலே, கழுத்தைச் சுற்றிச் சால்வையுடன், உட்கார்ந்தபடியே உறங்கிக்கொண்டிருந்தார். “இரண்டு வருஷமாய் இப்பிடித்தான். கட்டிலிற் படுக்கிறதில்லை” என்று அத்தார் மெல்லிய குரலிற் கூறினார். படுத்தால் புளித்த நீர் தொண்டைவரை ஏறி, இருமல் வந்து, மூச்சுத் திணறும். இச்செய்தியைத் தமக்கையார் எமக்கு ஒரு நாளும் சொல்லவில்லை.

எம்மை அவர் அழைத்த காரியத்தை இங்கே சொல்லிவிடுதல் நன்று. 2018ஆம் ஆண்டில் தமக்கையாரின் எடை 112 கிலோ. நீரிழிவும் முழங்கால் நோவும் கூடவே இருந்தன. ஒரு தனியார் வைத்தியசாலையில் உடல் எடையைக் குறைக்கும் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். ‘ஸ்லீவ்’ என்பது அதன் பெயர். இரைப்பையின் வெளிவளைவை நெடுகிலும் வெட்டியெடுத்து, ஏறக்குறைய நாலில் மூன்று பங்கை நீக்கி, மிஞ்சியதைச் சட்டைக்கை போன்ற ஒடுங்கிய குழாயாக விட்டுவிடுவர். பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு பெரும்பாலும் நீக்கப்படும் பகுதியிலேயே ஊறுவதாற் பசியும் அடங்கும். ஒன்றரை வருடத்தில் எடை 74 கிலோவுக்கு இறங்கியது; நீரிழிவு மாத்திரையும் நின்றது. பின்னர் மெல்ல மெல்ல ஏறி இப்போது 89 கிலோ. அதனினும் பெருந்தொல்லை நெஞ்செரிவு. என்டொஸ்கொப்பி செய்து பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர், உணவுக்குழாய் புண்பட்டிருக்கிறது, ஸ்லீவை ‘பைபாஸ்’ முறைக்கு மாற்றுவதே தக்கது என்று கூறிவிட்டார். தமக்கையாரோ மூன்று மாதமாக ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

காலை ஆறு மணிக்குக் கடற்கரை வீதியில் நடப்பது அவருடைய வழக்கம். வீதிக்கும் கடலுக்கும் நடுவே புகையிரதப் பாதை ஓடுகிறது, அதற்கப்பாற் கருங்கற்பாறைகள், அவற்றிலே அலை மோதித் தெறிக்கிறது. வெள்ளவத்தை என்ற சிங்களப் பெயருக்கு மணற்றோட்டம் என்பது பொருள். தோட்டத்தைக் காணோம், மணலும் குறைவுதான். நடைபயில வந்தோரில் முக்காற்பங்கினர் தமிழர். சப்பாத்தும் சேலையுமாய் விரைந்து நடக்கும் அம்மாமாரும், தொலைபேசியில் ரொறன்ரோவுடன் உரையாடிக்கொண்டே நடக்கும் பெரியவர்களும், நீரிழிவு நிலையத்து அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்களும் எம்மைக் கடந்தனர். அரை மணி நடந்தபின் தமக்கையார் நிலையத்தருகே அமர்ந்து, கைப்பையிலிருந்து ஒரு பழைய பாடசாலைக் கொப்பியை எடுத்தார். வைத்தியரிடம் கேட்பதற்கென எழுதிவைத்த கேள்விகள் அதில் இருந்தன. ஆசிரியையாக இருந்தவரன்றோ, இலக்கமிட்டு, சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருந்தார். பத்துக் கேள்விகள். முதலாவது கேள்வி வைத்தியத்தைப் பற்றியதே அன்று: “முதலாவது பிழைத்தது என் பிழையா?”

இக்கேள்வியைப் படித்தபோது எமக்கு நாணம் உண்டாயிற்று. 2018இலே, “வாயைக் கட்டினாற் போதாதா, வயிற்றை வெட்ட வேண்டுமா?” என்று சொன்னவர்களில் நாமும் ஒருவர்.

வைத்தியர் இக்கேள்விக்கு முன்னரே விடையளித்திருந்தார் என்பதைப் பின்பு அறிந்தோம். ஸ்லீவ் முறை தோன்றிய வரலாறே அதற்கு விடை. மிகவும் பருத்தவர்களுக்குப் பெரிய சத்திரசிகிச்சையை ஒரே தடவையிற் செய்வது ஆபத்தென்பதால், முதலில் இரைப்பையை மட்டும் ஒடுக்கி, எடை ஓரளவு குறைந்தபின் குடலை மாற்றிப் பொருத்துவதென்று ஏறக்குறைய 2000ஆம் ஆண்டளவிற் செய்துவந்தனர். முதற்படியிலேயே பலருக்குப் போதிய எடை குறைந்ததைக் கண்டு, அதனையே தனிச் சிகிச்சையாக்கினர். ஆகவே இரண்டாம் தடவை மேசையில் ஏறுவது தோல்வியென்று கொள்ளவேண்டியதில்லை.

இத்துறையின் தந்தையெனப்படும் எட்வர்ட் மேசன் என்னும் அமெரிக்கர் செய்ததும் ஈதே. அவருக்கு முன், 1950களில், குடலின் பெரும்பகுதியைச் சுற்றிக் கடந்துபோகுமாறு இணைத்துவந்தனர். எடை குறைந்தது, கூடவே ஈரலும் சிறுநீரகமும் கெட்டன. பலருக்கு அந்த இணைப்பைத் திருப்பி அவிழ்க்கவோ வேறு முறைக்கு மாற்றவோ நேர்ந்தது. குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தோர் மெலிவதைக் கவனித்த மேசன், அயோவாப் பல்கலைக்கழகத்தில் 1966இல் முதலாவது இரைப்பை பைபாஸைச் செய்தார். பிற்காலத்தில் அவரே அதனைக் கைவிட்டு, இரைப்பையைத் தைத்துப் பட்டியிடும் வேறொரு முறைக்கு மாறினார். காலப்போக்கில் உலகம் அந்தப் பட்டிமுறையை ஒதுக்கிவிட்டுப் பைபாஸுக்கே திரும்பியது. வகுத்தவரே மாறினாரென்றால், வெள்ளவத்தையில் ஓர் ஆசிரியை தயங்குவதில் வியப்பில்லை.

தமக்கையாரின் அச்சத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. 2024 ஏப்ரலில், சென்னையை அடுத்த பம்மலில், எடை குறைப்புச் சத்திரசிகிச்சைக்குச் சென்ற புதுச்சேரி இளைஞர் ஒருவர் மறுநாளே உயிரிழந்தார். அவருக்கு வயது 26. அரசாங்கம் விசாரணை நடத்தி, அந்த வைத்தியசாலையின் அனுமதியை இடைநிறுத்திற்று. தமிழ்ப் பத்திரிகைகள் யாவும் எழுதிய அச்செய்தியைத் தமக்கையார் கத்தரித்துக் கொப்பியின் கடைசித் தாளில் ஒட்டி வைத்திருக்கிறார். ஒன்பதாம் கேள்வி அதனருகே இருந்தது: “இரண்டாம் முறை வெட்டுவது முதல்முறையைவிட ஆபத்தா?” ஆம், ஆபத்துச் சற்றுக் கூடுதலே, முன்பு வெட்டித் தைத்த இடத்திற் தழும்பு கட்டியிருக்கும், ஒட்டிய இடம் கசியக்கூடும். வைத்தியர் இதனை மறைக்கவில்லை. பழக்கப்பட்ட கை, மயக்கமருந்து வைத்தியர், தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகிய மூன்றும் உள்ள இடத்தில் மட்டுமே செய்யவேண்டும் என்றாராம்.

காலையுணவுக்கு வீடு திரும்பினோம். எமக்கு எட்டு இடியப்பமும் சொதியும் சம்பலும். தமக்கையார் ஒரே ஓர் இடியப்பத்தையும் ஒரு முட்டையையும் இருபது நிமிடம் மென்றார். பின்னர் காலி வீதியிற் பேருந்தேறினோம். எட்டு மணிக்கே வடை பொரிக்கும் எண்ணெய் வாசம் வீதியெங்கும் பரந்திருந்தது. சைவச் சாப்பாட்டுக் கடையொன்றின் கண்ணாடிப் பெட்டியிலே ரோல்ஸும் மிதிவெடியும் கட்லட்டும் அடுக்கப்பட்டிருந்தன. இவ்வூரிலே மெலிவது எளிதன்று.

புறக்கோட்டையில் இறங்கி முச்சக்கர வண்டி பிடித்தோம். நகைக்கடைகள் நிரம்பிய செட்டியார் தெருவைக் கடந்து கொச்சிக்கடைக்குச் சென்றால், புனித அந்தோனியார் ஆலயத்தின் முன்னே சனிக்கிழமையிலுங் கூட்டம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த ஆலயம் அது. தமக்கையார் வண்டியிலிருந்தபடியே கைகூப்பினார். சைவரேயாயினும் கொழும்புத் தமிழருக்கு அந்தோனியார் அந்நியரல்லர்.

கொட்டாஞ்சேனைக்கு நாம் சென்றது மச்சாள் ஒருவரைக் காண்பதற்காக. புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடம் தெரியும் தெருவில் அவர் குடியிருக்கிறார். இருபதாண்டு லண்டனில் இருந்து, இரு வருடத்துக்கு முன் திரும்பியவர். இரைப்பையின் மேற்பகுதியில் இறுக்கவும் தளர்த்தவும் கூடிய சிலிக்கோன் பட்டியொன்றை 2009இல் மாட்டிக்கொண்டார். சில வருடத்தில் பட்டி நழுவி, தண்ணீர்கூட இறங்காமற் போயிற்று. அதை அகற்றி, 2015இல் பைபாஸ் செய்தனர். மாறிய அனுபவமுள்ள ஒருவரைக் கேட்டாலன்றித் தமக்கையாரின் மனம் ஆறாது என்று கண்டே அத்தார் இப்பிரயாணத்தை ஏற்பாடு செய்திருந்தார்.

பைபாஸின் அமைப்பை மச்சாள் ஒரு கடித உறையின் பின்புறத்திற் கீறிக் காட்டினார். இரைப்பையின் உச்சியில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்தெடுப்பர். அது முப்பது மில்லிலீற்றர் அளவே கொள்ளும். அதனைச் சிறுகுடலுடன் நேரே பொருத்துவர். மீதி இரைப்பை உள்ளேயே கிடக்கும். அதில் ஊறும் அமிலமும் பித்தமும் ஒரு மீற்றருக்குங் கீழேதான் உணவுடன் சேரும். ஆகவே தொண்டைக்கு ஏறுவதற்கு வழியில்லை. ஆங்கில எழுத்து ‘வை’ வடிவிலான இந்தப் பொருத்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவிற்சர்லாந்து வைத்தியர் சேசார் ரூ வகுத்தது. ஸ்லீவையும் பைபாஸையும் ஒப்பிட்டு அதே சுவிற்சர்லாந்தில் ஐந்தாண்டு கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வொன்றில், எடைக்குறைவிற் பெரிய வேற்றுமை காணப்படவில்லை. நெஞ்செரிவு மோசமானோரோ ஸ்லீவில் நூற்றுக்கு ஏறக்குறைய 32 பேர். பைபாஸில் 6 பேர்.

தமக்கையாருக்கு 2018க்கு முன்பே இலேசான நெஞ்செரிவு இருந்தது. அதைப் பற்றி அன்று ஒருவரும் கேட்கவில்லை; குழாய் விட்டுப் பார்க்கவும் இல்லை. இதுவே எமக்கு மிகுந்த மனத்தாங்கல்.

“முதல் மூண்டு மாசம் அழுதனான் பிள்ளை,” என்று மச்சாள் தொடங்கினார். மயிர் கொட்டியதாம். ஒரு கலியாண வீட்டில் இரண்டு கரண்டி பாயசம் குடித்துவிட்டு, வியர்த்து, நெஞ்சு படபடத்து, மணமகள் அறையிற் போய்ப் படுக்க நேர்ந்ததாம். இனிப்பு வேகமாய்க் குடலுக்குள் விழுவதால் வரும் கோளாறு அது. மேசைமீதிருந்த பிஸ்கட் தகரத்தைத் திறந்து காட்டினார். இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின் மாத்திரைகள்; மூன்று மாதத்துக்கொரு முறை பீ-12 ஊசி. இவை ஆயுள் முழுவதற்கும். மூட்டு நோவுக்கு வழக்கமான நோக்குளிசைகள் பல ஆகா. பொருத்திய இடத்திற் புண் வரும். முழங்கால் நோவுள்ள தமக்கையார் இதனை உடனே குறித்துக்கொண்டார்.

“ஏன் செய்தனான் எண்டு ஒரு நாளாவது நினைச்சனீங்களோ மச்சாள்?”

“நினைச்சனான். ஒரு வருஷம் குளிசையை விட்டிட்டன். இரத்தம் குறைஞ்சு படியேற ஏலாமற் போச்சு. அப்ப நினைச்சனான்.”

“திரும்பக் கேட்டால்?”

“செய்வன். ஆனால் குளிசை போட மறக்கிற ஆளெண்டால் செய்யாதை எண்டுதான் சொல்லுவன். எடை பெரிசாய் இறங்குமெண்டு நினைச்சும் செய்யாதை. ரெண்டாந்தரம் முதலைப்போல இறங்காது.” சிறிது நேரம் கழித்து, “நான் படுத்து நித்திரை கொள்ளுறன், பிள்ளை,” என்றார். தமக்கையார் எழுதுவதை நிறுத்தினார்.

மச்சாள் தந்த மரக்கறிச் சூப்பை இருவரும் ஒரே வேகத்தில், தேக்கரண்டி தேக்கரண்டியாய்க் குடித்ததைக் கண்டு நாம் எம் கோப்பையை மெல்லக் கீழே வைத்தோம்.

வெயில் ஏறியபின் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குச் சென்றோம். பொன்னம்பல முதலியார் கட்டியது. அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அதனைக் கருங்கல்லால் 1907 முதல் 1912 வரை புதிதாய்க் கட்டுவித்தார். வெளியே துறைமுகத்துப் பாரவண்டிகளின் இரைச்சல்; உள்ளே தூண்களிடையே குளிர்ச்சியும் எண்ணெய் மணமும். தந்தை கட்டியதை மகன் இடித்தபோது கொட்டாஞ்சேனையார் என்ன சொல்லியிருப்பர் என்று எமக்கு ஓர் எண்ணம் ஓடியது. தமக்கையாரிடம் அதைச் சொல்லவில்லை. அவர் தூணருகே அமர்ந்து கொப்பியில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

எழுதியதைத் திரும்பும் வழியிற் காட்டினார். பதினோராவது கேள்வி: “உண்மையிற் காரணம் அமிலந்தானா என்று இருபத்துநாலு மணிநேரச் சோதனை செய்து பார்த்தபின் முடிவெடுக்கலாமா?” ஏழாண்டுக்கு முன் யாரும் கேளாத கேள்வி அது. அடுத்த புதன்கிழமை அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் அதனைக் கேட்டார். சோதனை நடந்தது, அமிலந்தான் என்று வந்தது. இச்செய்தி நாம் ஊர் திரும்பிய பின்னர் எமக்குக் கிடைத்தது.

அன்றிரவு எம்மை வழியனுப்பக் காலி வீதிவரை நடந்து வந்தார். யாழ்ப்பாணப் பேருந்தின் அடியறையிற் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். “நல்லூர்த் தேர் முடிஞ்ச கிழமை ஒரு திகதி கேட்கப்போறன். லீவு போட்டிட்டு வா தம்பி,” என்றார். பேருந்து அசைந்தபின், யன்னலருகே எட்டி நடந்து, “பனங்கட்டி கொண்டு வராதை” என்றும் சொன்னார்.