மண் தின்றவள்

எங்கள் வீட்டுச் சமையற்கட்டின் பின்சுவரில், இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு குழி இருந்தது. எலி பறித்தது என்பார் அப்பா. எலி அவ்வளவு உயரத்தில் ஏன் பறிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. ஆறாம் வகுப்பு படிக்கும்போது, ஓர் ஐப்பசி மழைநாளில் நான் பார்த்துவிட்டேன். அம்மா நனைந்த சுவரைச் சுரண்டி, விரல்நுனி அளவு மண்ணை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். என்னைக் கண்டதும், "யாருகிட்டயும் சொல்லிராத புள்ள" என்றாள்.

நான் சொல்லிவிட்டேன். அப்பத்தாவிடம்.

மண் தின்கிறவள் இருக்கிற வீடு விளங்குமா என்று அப்பத்தா தெருவுக்கே கேட்கும்படி பேசினாள். வேப்பிலை அடித்தார்கள், திருநீறு போட்டார்கள். அப்பா குழியைச் சிமெண்ட் வைத்துப் பூசினார். அம்மா அதன் பிறகு பச்சை அரிசிக்கு மாறினாள். ரேஷன் அரிசி புடைக்கும்போது ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்பார்கள். "உனக்குத்தான் கல்யாணம் முடிஞ்சிருச்சேம்மா" என்று நாங்கள் நான்கு பேரும் சிரிப்போம்.

சிலமலை, போடியிலிருந்து தேவாரம் போகும் சாலையில் இருக்கிற ஊர். மேற்கே பார்த்தால் மலை. விடியுமுன்னே ஜீப் வரும். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, அந்தப் பக்கம் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களில் எங்கள் ஊர்ப் பெண்களை இறக்கிவிடும். அம்மா இருபது வருடத்துக்கு மேல் அதில் போனாள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து தரையோடு படரும் சரத்தில் காய்க்கும். அதனால் குனிந்தோ குந்தியோதான் எடுக்க வேண்டும். ஈர நிலத்தில் அட்டை ஏறும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மா பாவாடையை உயர்த்திக் காலைப் பார்க்கும்போது, கெண்டைக்காலில் ரத்தம் கோடாக இறங்கிக் காய்ந்திருக்கும். மதியத்துக்குத் தூக்குவாளிச் சோறும் தொட்டுக்கொள்ள ஏதோ ஒன்றும். தின்று முடித்த கையோடு கடுங்காப்பி. இரவில் எங்களுக்கும் அப்பாவுக்கும் போட்டு முடித்த பிறகு, சட்டியில் ஒட்டியிருப்பது அவளுக்கு.

போன வருடம் கல்லூரியில் இரண்டாம் மாடி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. ஹீமோகுளோபின் 7.4 என்று வந்தது. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். பல மாதங்களாக மாதவிடாயில் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. பார்த்த மருத்துவர் நிமிராமலே "லேடீஸுக்கு இது சகஜம்தான்" என்று மாத்திரை எழுதினார். விலங்கியல் துறைத் தோழிதான் சரியான கேள்வியைக் கேட்டாள். "ஐஸ் தின்கிறீங்களா?"

தின்றுகொண்டிருந்தேன். நடுராத்திரியில் எழுந்து, ஃப்ரீசரைத் திறந்து, கட்டி கட்டியாகக் கடித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்கு ஐஸ், பச்சை அரிசி, சாம்பல், சாக்பீஸ் என்று ஏதாவது ஒன்றின் மேல் அடக்க முடியாத ஆசை வருவதுண்டு என்றாள். இரும்பு ஏறினால் பெரும்பாலும் தானாகவே போய்விடுமாம்.

"மண்ணு?"

"அதுதான் ரொம்பப் பழைய கேஸ்."

அன்று வகுப்புக்குப் போகவில்லை.

ஒரு பெண்ணின் உடம்பில் மொத்தமே இரண்டு மூன்று கிராம் இரும்புதான் இருக்கிறது. சின்ன ஆணி ஒன்று செய்யலாம். அதில் பெரும்பங்கு ஹீமோகுளோபின் என்ற புரதத்துக்குள் இருக்கிறது. ஒரு மூலக்கூறுக்கு நான்கு இரும்பு அணுக்கள்; அவைதான் நுரையீரலில் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கின்றன. ரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். பிறகு மண்ணீரலிலும் கல்லீரலிலும் சிதைக்கப்பட்டு, அதன் இரும்பு புது அணுக்களுக்குப் போகும். இப்படி உடம்புக்குள்ளேயே நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் சுற்றிவருகிறது. உணவிலிருந்து சேர்வது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். ஏலத்தோட்டத்து நிழல்மரங்களின் இலை உதிர்ந்து, பூஞ்சையும் கரையானும் மண்புழுவும் அதை மண்ணாக்கி, அதே மரத்தின் வேருக்குத் திரும்பக் கொடுப்பதைப் போன்ற ஒரு சுழற்சி. இருபது வருடமாகத் தமிழ் நடத்துகிற எனக்கு மண்ணீரல் என்ற சொல்லுக்குள் மண் இருப்பது அன்றுதான் கண்ணில் பட்டது.

இந்தச் சுழற்சியில் ஒழுகும் இடம் பெண்ணுடம்புக்கு உண்டு. சாதாரண மாதவிடாயிலேயே மாதம் சுமார் 15 மில்லிகிராம் இரும்பு வெளியேறும். ஒரு கர்ப்பத்துக்கு ஏறக்குறைய ஒரு கிராம் தேவை. அம்மா நான்கு பெற்றவள். வெறுங்காலோடு ஈரமண்ணில் நின்றவளுக்குக் கொக்கிப்புழுவும் இருந்திருக்கும். அது குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிப்பது. அட்டையாவது கண்ணுக்குத் தெரியும்.

செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். துருவாக, நீரில் கரையாத வடிவில் கிடக்கிறது. பல செடிகளின் வேர்கள் அமிலத்தைக் கசியவிட்டு, அந்த இரும்பைத் தாம் உறிஞ்சக்கூடிய வேறொரு வடிவத்துக்கு மாற்றிக்கொள்கின்றன. நம் வயிறும் அதே வேலையைத்தான் செய்கிறது. இரைப்பையின் அமிலம் இரும்பைக் கரைக்கும்; முன்சிறுகுடலின் சுவரிலுள்ள நொதி, வேர் செய்கிற அதே மாற்றத்தைச் செய்து உள்ளே எடுத்துக்கொள்ளும். எலுமிச்சையிலும் நெல்லிக்காயிலும் உள்ள வைட்டமின் சி இதற்குத் துணை. தேநீரிலும் காப்பியிலும் இருக்கும் டானின் போன்றவை இதற்குத் தடை. கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மலையில் சோற்றுக்குப் பின்னால் குளிருக்கு இதமாகக் குடித்த ஒவ்வொரு தம்ளரும் அந்தச் சோற்றில் இருந்த கொஞ்சநஞ்சத்தையும் தடுத்திருக்கும். சுவர் மண்ணிலிருந்த துருவாலும் அவளுக்கு லாபமில்லை. சில களிமண் வகைகள் குடலில் இருக்கும் இரும்பையும் பற்றிக்கொண்டு வெளியே போய்விடும்.

அவள் தவறான இடத்தில்தான் தேடினாள். ஆனால் எதையோ தேடினாள். நாங்கள் அதைக் கெட்ட பழக்கம் என்றோம், காற்றுச் சேட்டை என்றோம். மணிமேகலையில் வரும் காயசண்டிகையை வருடா வருடம் நடத்துகிறேன். முனிவன் ஒருவனின் நாவற்கனியை மிதித்த குற்றத்துக்காக யானைத்தீ என்னும் தீராப் பசியைப் பன்னிரண்டு ஆண்டுகள் சுமந்தவள். அந்தப் பகுதிக்கு வந்ததும் சாபம், அமுதசுரபி, அறம் என்று வேகமாகக் கடந்துவிடுவேன். அந்தப் பெண்ணின் வயிற்றருகே ஒரு நாளும் நின்றதில்லை.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. என் வகுப்பில் அறுபது பேர். பள்ளியில் வாரம் ஒன்று கொடுத்த நீல மாத்திரையை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். சிரித்தார்கள். ஜன்னல் வழியே எறிந்ததாகப் பாதிப் பேர் சொன்னார்கள். வயிற்றைப் புரட்டும், கறுப்பாகப் போகும். அப்படித்தான் போகும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

மலையில் வேறு மாதிரி. ஐந்து கிலோ பச்சைக் காய்க்கு ஏறக்குறைய ஒரு கிலோ உலர்காய் தேறும். அது மூட்டையாகிப் போடியில் ஏலத்துக்கு வரும். காயோடு மண்ணின் சத்தும் இறங்கிவிடுகிறது என்பது தோட்டக்காரருக்குத் தெரியும். ஒரு செடிக்கு இவ்வளவு என்று சாணமும் உரமும் மேலே ஏறும். கீழே எங்கள் ஊர்க் காடுகளில் ஆட்டுக்கிடை போடுவார்கள். ஒரு ராத்திரி ஆடுகள் படுத்து எழுந்த புழுக்கைக்கும் மூத்திரத்துக்கும் கூலி பேசித்தான் கிடை. அந்த ஜீப்பில் ஏறி இறங்கியவர்களின் உடம்பிலிருந்து போனதற்கு இப்படி ஒரு வரவு செலவு எந்த நோட்டிலும் இல்லை. எங்கள் வீட்டிலும் இல்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது முருங்கைக்கீரை வதக்கி, எலுமிச்சை பிழிந்து, அம்மாவை உட்கார வைத்து முதலில் போட்டேன். கூச்சப்பட்டாள். வெளியே தூறல். மண்வாசம் வந்தது.

"இப்பயும் ஆசை வருதாம்மா?"

"அதெல்லாம் விட்டுப்போச்சு. மாரியாத்தாளுக்கு மாவிளக்கு எடுத்தேன்ல, அந்த வருசமே நின்னுருச்சு."

"தீட்டு எப்ப நின்னுச்சு?"

கொஞ்சம் யோசித்தாள். "அதே வருசந்தான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அப்பத்தாகிட்ட அன்னைக்கிச் சொன்னது நாந்தாம்மா" என்றேன்.

"தெரியுந்த்தா. நீ சொல்லாம வேற யாரு சொல்லுவா? பாத்தது நீ ஒருத்திதான்."

தம்பி மனைவி இரண்டு தம்ளர் டீ கொண்டுவந்து வைத்தாள். நான் எடுக்கப் போனேன். அம்மா என் தம்ளரைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"கீரை தின்னவுடனே டீ குடிக்கக் கூடாதாம்த்தா. டிவியில சொன்னாக. எனக்கென்ன, வயசு ஆயிருச்சு, நான் குடிச்சுக்கிறேன். உனக்குத்தான் ரத்தம் இல்லையாமே?"