தொட்டுப் பார்க்காத நூல்

தூண்டில் போடுகிறவன் கையிலிருந்து நழுவிய மீன், வீடு வந்து சேர்வதற்குள் ஒரு முழம் வளர்ந்துவிடும் என்பார்கள். நான் சொல்லப்போகும் மீனும் நழுவிப் போனதுதான். ஆனால் அதை நான் வளர்க்கப் போவதில்லை. அது எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. நூல் ஏன் அறுந்தது என்பது மட்டும் தெரியும்.

என் அப்பா கெடாவில் ஒரு தோட்டத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் பால் வெட்டியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒட்டுப்பால் வேலை இல்லையென்றால், என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக் கால்வாய்க்குப் போவார். மூங்கில் கழி, நாலு பாகம் தங்கூஸ், ஒரு முள், டப்பாவில் மண்புழு. அவ்வளவுதான் எங்கள் சாமான். கெளுத்தியோ விராலோ கிடைத்தால் அன்று லயத்தில் எங்கள் வீட்டுக் குழம்பு மணக்கும். கிடைக்காவிட்டால் அம்மா கருவாட்டை எடுப்பார்.

பிறகு கித்தா மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. நாங்களும் சுங்கைப் பட்டாணிக்கு அருகே மலிவு விலை வீட்டுக்கு வந்தோம். நான் ஆசிரியரானேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ரீல் வைத்த தூண்டில் ஒன்று வாங்கினேன். அப்பா அதை “மிஷின்” என்றுதான் சொல்வார். “ஒரு மீனுக்கு இவ்ளோ மிஷினாய்யா?” என்று கேலி செய்வார். ஆனால் நான் கிளம்பும்போதெல்லாம் வாசலில் வந்து நிற்பார்.

அந்த ரீலில் நான் சுற்றியிருந்தது தங்கூஸ் அல்ல, பின்னல் நூல். கடையில் ‘பிரெய்டட்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். நல்ல சுருள் ஒன்று வாங்கினால் நூறு வெள்ளித் தாளில் மிச்சம் அதிகம் வராது. அதனால் நான்கு வருடங்களாக அதை மாற்றாமல் வைத்திருந்தேன். நிறம் வெளுத்திருந்தது. “நல்லாத்தானே இருக்கு” என்று இருந்துவிட்டேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளி விடுமுறையில், நண்பர்களோடு மெர்போக் ஆற்றுக்குச் சியாக்காப் பிடிக்கப் போனேன். அங்கே கரையெல்லாம் கண்டல் காடு. வேர்களில் சிப்பியும் கொட்டலசும் கத்தி முனைபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். நூல் இரண்டு முறை வேரில் மாட்டியது. இழுத்து எடுத்தேன். மீன் ஒன்றும் சிக்கவில்லை. ரீலைத் துடைத்துப் பையில் போட்டதோடு சரி.

அடுத்த வாரமே அப்பாவைச் சீக் வட்டாரத்திலுள்ள பெரிஸ் ஏரிக்கு அழைத்துப் போனேன். அவருக்கு அப்போது எழுபத்து மூன்று வயது. முழங்கால் வலி. ஆனாலும் விடியற்காலை நான்கு மணிக்கே, பிரட்டுக்குப் போகிறவர்போல் குளித்துத் தயாராக உட்கார்ந்திருந்தார். தெர்மாஸில் காப்பி, பசியாற ரொட்டி.

மிஷினை அவர் கையில் கொடுத்து எறியக் கற்றுக்கொடுத்தேன். மலாய் நண்பர்கள் ‘கெவாங்’ என்று சொல்லும் பொய்மீனைக் கட்டியிருந்தேன். ஒன்பது மணி இருக்கும். தண்ணீர் வெடித்ததுபோல் ஒரு சத்தம். தோமான்! விரால் இனத்திலேயே முரடன். கோல் வில்லாக வளைந்தது. ரீல் கிறீச்சிட்டது. அப்பாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. “வுடு, வுடு, ஓடட்டும்” என்று மீனுக்கும் தமக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டார்.

பத்து எண்ணுவதற்குள் கோல் நிமிர்ந்துவிட்டது.

நான் ஏதேதோ சொன்னேன். பெரிய மீன் என்றேன். கட்டை இருந்திருக்கும் என்றேன். அப்பா பேசாமல் நூலைச் சுற்றி, அறுந்த நுனியைப் பிடித்தார். கட்டைவிரல் நகத்தின்மேல் மெதுவாக இழுத்துப் பார்த்தார். நுனியிலிருந்து மேலே ஒரு பாகம் வரைக்கும் நூல் பஞ்சு பூத்துச் சொரசொரவென்று இருந்தது.

“உளியை நான் நெதமும் நகத்துல வச்சுப் பாத்துட்டுத்தான்யா மரத்துக்கிட்ட போவேன். நீ இதத் தொட்டே பாக்கலியே” என்றார். கோபம் இல்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அதன் பிறகு அவர் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. ஏரிக்கரை இறங்கியது அதுவே கடைசி.

அன்றிலிருந்து இந்த நூலைப் பற்றிக் கேட்டும் படித்தும் சோதித்தும் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். நம் குடும்பங்களில் எத்தனையோ பேர் தூண்டில் பிடிக்கிறவர்கள். அவர்களுக்குப் பயன்படும் என்றே எழுதுகிறேன்.

தங்கூஸ் என்பது நைலான். அது தண்ணீரை உறிஞ்சும். வெயிலில் வலு இழக்கும். ரீலில் சுருண்டே கிடந்தால் சுருள் புத்தி பிடித்துக்கொள்ளும். ஆகவே, அடிக்கடி மீன்பிடிக்கப் போகிறவர் வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்றுவது நல்லது. பின்னல் நூல் வேறு சாதி. அது ஒருவகைப் பாலித்தீன் இழை. 1979இல் நெதர்லாந்தில் இரண்டு விஞ்ஞானிகள் அதை நூற்கும் முறையைக் கண்டார்கள். 1990களில் அது தூண்டிற்காரர் கைக்கு வந்தது. எடைக்கு எடை பார்த்தால் எஃகையும் மிஞ்சும் வலு. தண்ணீரை உறிஞ்சாது, வெயிலையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும். அந்த இழைகளைப் பின்னாமல், சூட்டில் ஒன்றாக ஒட்டவைத்தது ‘ஃபியூஸ்டு’ என்னும் ஒட்டு நூல்.

ஆகவே, இந்த நூல்களுக்கு நாள்காட்டி பார்க்க வேண்டாம். நிறம் வெளுத்தால் தூக்கிப் போடவும் வேண்டாம். சாயம் இந்த இழையில் ஆழப் பிடிக்காது, வெளுப்பது இயல்பு. இவற்றின் பகைவன் உரசல்தான். சிப்பி, பாறை, மூழ்கிய மரக்கட்டை, கோலின் வளையத்தில் உள்ள கீறல் எல்லாம் இழைகளை ஒவ்வொன்றாக அறுக்கும். எட்டு இழைப் பின்னலில் இரண்டு இழை போனாலும் கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரியும்.

மீன்பிடிக்கக் கிளம்பும் முன்பும், நூல் எங்காவது உரசிய பின்பும், முதல் பத்து மீட்டரை நகத்தின்மேல் இழுத்துப் பாருங்கள். சொரசொரப்பு, தட்டையான இடம், திடீரென்று மெலிந்த இடம், பிரிந்த இழை இவற்றில் ஒன்று தட்டுப்பட்டாலும், அதற்கு மேலே நல்ல நூல் வரும்வரை வெட்டிவிட்டு முடிச்சைப் புதிதாகப் போடுங்கள். முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனைத்துக்கொள்ளுங்கள். பாலித்தீன் சூட்டுக்கு ஆகாது. ஒட்டு நூலில் மட்டும் ஒரு வித்தியாசம். அது தொடக்கத்திலேயே லேசாகப் பஞ்சு பூக்கும், அது குற்றமல்ல. திரி பிரிவதுபோல் இழைகள் தனித்தனியாகக் கிளம்பினால்தான் அதன் காலம் முடிந்தது.

வெட்டி வெட்டி நூல் குறைந்துவிட்டதா? அப்போதும் புதிது வாங்க ஓட வேண்டாம். நாம் எறிவது முப்பது நாற்பது மீட்டர்தான். 150 மீட்டர் சுருளில் அடியில் கிடக்கும் பாதிக்குமேல் தண்ணீரையே பார்த்திராது. நூலைத் திடலில் முழுவதும் நீட்டி, தேய்ந்த முனையை ரீலின் அடியில் கட்டித் திருப்பிச் சுற்றுங்கள். புது நூல் மேலே வந்துவிடும். அடியில் கொஞ்சம் தங்கூஸ் சுற்றிக்கொண்டால், வழுவழுப்பான பின்னல் நூல் ரீலில் நழுவாது; சுருளும் நிறையும்.

திருப்பிச் சுற்றியதும் தேய்ந்து போனால், அல்லது நூலின் நடுவிலேயே சொரசொரப்பு தட்டுப்பட்டால், மொத்தமாக மாற்றிவிட வேண்டியதுதான். சந்தேகமாக இருந்தால் சோதித்துவிடலாம். நூலின் ஒரு துண்டைப் பயணப்பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசில் கட்டி இழுங்கள். 30 இராத்தல் என்று போட்ட நூல் 15க்கே அறுந்தால், அதை நம்பி ஏரிக்குப் போகாதீர்கள். இழுக்கும்போது நூலைக் கையில் சுற்றாதீர்கள், சதையை அறுத்துவிடும். ஒரு குச்சியில் சுற்றி இழுங்கள். புது நூலும் சீக்கிரமே பஞ்சு பூத்தால், கோலின் வளையங்களுக்குள் சிறிது பஞ்சை விட்டுப் பாருங்கள். பஞ்சு மாட்டும் இடத்தில்தான் நூலைத் தின்னும் கீறல் இருக்கிறது.

உப்புநீரில் போட்டு வந்தால் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். வெட்டிய நூலைக் கரையில் எறியாதீர்கள். அது மக்காது, கொக்கின் காலில் சுற்றிக்கொள்ளும். பொடியாக நறுக்கிக் குப்பையில் போடுங்கள்.

சிக்கனம் நம் தோட்டத்து மக்களுக்குப் பால் குடியிலேயே வந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நான் அன்று செய்தது சிக்கனமல்ல, சோம்பல். நான்கு பாகம் வெட்டியிருந்தால் போதும். ஒரு காசு செலவில்லை.

இப்போதெல்லாம் நான் கிளம்பும் முந்தின இரவு, வீட்டு முன்கூடத்தில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ரீலை அவர் மடியில் வைப்பேன். என் மகள் நூலை மெல்ல இழுத்துக்கொண்டே வாசல்வரை நடப்பாள். நூல் தாத்தாவின் நகத்தின்மேல் ஓடும். கண் மங்கிவிட்டது, விரல் மங்கவில்லை. எங்காவது நிறுத்தி, “இங்க வெட்டுய்யா” என்பார்.

நான் மறுபேச்சில்லாமல் வெட்டிவிடுவேன்.