சாவி யார்கிட்ட இருக்கு?

லினக்ஸ் போட்ட லேப்டாப்புல கிராபிக்ஸ் டிரைவர்னு பேச்செடுத்தாலே நம்மாளுங்க மூஞ்சிய சுளிப்பாங்க. "கருப்பு ஸ்கிரீனை வெறிச்சுப் பாக்குற வேலைதானே"ன்னு நக்கல் வேற. ஆனா மக்களே, பாதி நேரம் அது கோளாறே இல்லை. சாவித் தகராறு.

போன மாசம் சித்தி பொண்ணு கோயம்புத்தூர் ஹாஸ்டல்ல இருந்து போன் பண்ணினா. நெல் இலையோட போட்டோவைப் பாத்து என்ன நோய்னு சொல்ற நியூரல் நெட்வொர்க், அவளோட கடைசி வருஷ ப்ராஜெக்ட். ரெண்டு நாள்ல ரிவ்யூ. உபுண்டுல என்விடியா டிரைவரைப் போட்டிருக்கா, எர்ரர் எதுவும் வரலை. ஆனா ட்ரெயினிங் மட்டும் சிபியூலயே ஆமை மாதிரி ஊர்ந்துக்கிட்டு இருக்கு. குரல்லயே அழுகை எட்டிப் பாத்துச்சு.

"மாட்ப்ரோப் என்விடியான்னு அடிச்சுப் பாரு."

"அண்ணா, தேவையான சாவி இல்லைன்னு வருது."

"இன்ஸ்டால் பண்ணி முடிச்சு ரீஸ்டார்ட் பண்ணப்போ நீலக் கலர்ல ஒரு திரை வந்துச்சா?"

"வந்துச்சு. பயந்துபோய் எதையும் தொடலை. அதுவா போயிடுச்சு."

விஷயம் இதுதான். செக்யூர் பூட் ஆன்ல இருந்தா, கையெழுத்து இல்லாத மாட்யூலை கெர்னல் வாசப்படியிலயே நிறுத்திடும். அதனால டிரைவரை நம்ம பொட்டியிலயே கம்பைல் பண்ணும்போது, அங்கேயே ஒரு சாவியை உருவாக்கி அதால கையெழுத்துப் போடுறாங்க. அந்தச் சாவியை ஏத்துக்கலாமான்னு நம்மளக் கேக்கத்தான் அந்த நீலத் திரை. பத்து செகண்ட் பாக்கும், பதில் சொல்லலைன்னா தன் வழியில போயிடும். டிரைவர் மேல குத்தமில்லை, அவ மேலயும் இல்லை.

மோக்யூடில் கமாண்டுல சாவியை மறுபடி இம்போர்ட் பண்ணி, தற்காலிகமா ஒரு பாஸ்வேர்ட் குடுத்து, ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். நீலத் திரை வந்ததும் ஏதாவது ஒரு கீ, அப்புறம் என்ரோல் மோக், கன்டினியூ, யெஸ், பாஸ்வேர்ட், ரீபூட். மோக்னா மெஷின் ஓனர் கீ. பொட்டிக்குச் சொந்தக்காரரோட சாவி. கார்டு முழிச்சுக்கிச்சு. "செக்யூர் பூட்டையே அணைச்சிருக்கலாமேண்ணா"ன்னா. அணைக்கலாம்தான். ஆனா நம்ம சாவியே பூட்டுக்குப் பொருந்தும்போது பூட்டை எதுக்குக் கழட்டணும்?

எல்லாப் பூட்டும் இப்படி நம்மகிட்ட அனுமதி கேக்காது. நூவோன்னு ஒரு திறமூல டிரைவர் இருக்கு. பிரெஞ்சுல 'புதுசு'ன்னு அர்த்தம். என்விடியா கார்டு உள்ள எப்படி வேலை செய்யுதுன்னு ஆவணம் கிடைக்காத காலம் அது. கம்பெனி டிரைவர் கார்டுகிட்ட என்ன சொல்லுதுன்னு ஒட்டுக்கேட்டே எழுதினாங்க. சின்னச் சின்ன சோதனை ஓட்டி, முன்னாடி பின்னாடி ரெஜிஸ்டர்ல என்ன மாறிச்சுன்னு ஒப்பிட்டாங்க. முகம் தெரியாத பல பேர் தங்களோட கார்டுல அதை ஓட்டி ரிசல்ட் அனுப்பினாங்க. 2010-ல லினக்ஸ் 2.6.33 கெர்னல்ல நூவோ சேர்ந்துச்சு.

2014-ல வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசையில இருந்து ஆரம்பிச்சுது பூட்டு. கம்பெனி கையெழுத்து இருக்குற ஃபர்ம்வேரைத்தான் கார்டு ஏத்துக்கும். கடிகார வேகத்தைக் கூட்ட வேண்டிய ஃபர்ம்வேர் நூவோவுக்குக் கிடைக்கலை. படம் வரும், ஆனா பூட் ஆன வேகத்துலயே கார்டு நிக்கும். இங்க நம்ம சாவியைப் பதிவு பண்ண எந்த நீலத் திரையும் கிடையாது.

2022 மே மாசம் என்விடியா தன்னோட கெர்னல் மாட்யூல்களைத் திறமூலமா வெளியிட்டுச்சு, டூரிங் வரிசைக்கும் அதுக்கப்புறம் வந்த கார்டுகளுக்கும். சந்தோஷம்தான். ஆனா வேலையில பெரும்பகுதி கார்டுக்குள்ள இருக்குற ஜிஎஸ்பியோட ஃபர்ம்வேருக்குள்ள போயிடுச்சு, அதோட சோர்ஸ் வெளிய வரலை. 2024 ஜனவரியில வந்த 6.7 கெர்னல்ல இருந்து நூவோவும் அந்த ஃபர்ம்வேரைப் பிடிச்சுக்கிட்டு வேகமா ஓட வழி பிறந்துச்சு. அதுவும் புது கார்டுகளுக்கு மட்டும். 900, 1000 வரிசை வச்சிருக்கிறவங்களுக்கு அந்த வழியும் இல்லை.

ரெண்டு இடத்துலயும் நடக்கிறது ஒரே கையெழுத்துச் சோதனைதான். ஒண்ணுல சொந்தக்காரர் யாருன்னு கேட்டு நம்ம சாவியையும் சேத்துக்கிறாங்க. இன்னொண்ணுல கடைசி வரைக்கும் நாம வாடகைக்குக் குடியிருக்கிறவங்க மாதிரிதான், முழுக் காசும் குடுத்த பிறகும். லேப்டாப் வாங்கப் போனா ரேம் எவ்ளோ, எஸ்எஸ்டி எவ்ளோன்னு கேக்குறதோட நிறுத்தாதீங்க. உள்ள இருக்குற கார்டோட சாவி யார்கிட்டங்கிறதையும் விசாரிச்சுட்டு காசைக் குடுங்க.