பிளவக்கல் தண்ணீரும் பவளத் தீவுகளும்

வத்திராயிருப்பிலிருந்து கூமாபட்டியைத் தாண்டி மேற்கே செல்லும் சாலை, மலையடிவாரத்தில் சென்று முடியும் இடமே பிளவக்கல். பெரியாறு, கோவிலாறு என்னும் இரு சிற்றாறுகளை மறித்து இங்கே இரண்டு அணைகள் கட்டப்பட்டுள்ளன. பெரியாறு என்றவுடன் முல்லைப் பெரியாற்றை நினைத்துவிடலாகாது. இது வேறு, மிகச் சிறியது. ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கரும்பச்சைக் காடு. மறுபக்கம் நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும். 2025ஆம் ஆண்டில் கைபேசிக் காணொளி ஒன்றினால் கூமாபட்டியின் பெயர் நாடெங்கும் பரவி, மக்கள் கூட்டங்கூட்டமாக வரத் தொடங்கினர். அணைப் பக்கம் செல்லக் கட்டுப்பாடு விதிக்கும் அளவுக்கு நிலைமை போயிற்று. வந்தவர்கள் தண்ணீரைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், திரும்பினார்கள். அந்தத் தண்ணீர் எங்கே செல்கிறது என்று கேட்டவர் அவர்களுள் மிகச் சிலரே இருந்திருப்பர்.

அது செல்லும் வழியே நாமும் செல்வோம். இவ்விரு ஆறுகளும் அர்ச்சுனா நதியைச் சேர்கின்றன. அர்ச்சுனா நதி கிழக்கே ஓடி, சாத்தூருக்கு அருகே இருக்கன்குடியில் வைப்பாற்றோடு கலக்கிறது. வைப்பாறு விளாத்திகுளத்துக் கரிசல் நிலத்தைக் கடந்து, சிப்பிக்குளத்துக்கு அருகே, தன் பெயரையே தாங்கி நிற்கும் வைப்பாறு என்னும் ஊரில் மன்னார் வளைகுடாவைத் தொடுகிறது. ஆண்டின் பெரும்பகுதியில் அந்த ஆற்றில் ஓடுவது மணலும் வெயிலும்தான். ஐப்பசி, கார்த்திகையில் பெருவெள்ளம் வரும் ஆண்டுகளில் மட்டும் மலைத்தண்ணீர் கடலைக் காண்கிறது. அந்தக் கடலில், முகத்துவாரத்துக்கு வடக்கே வேம்பார்த் தீவுகளும் தெற்கே தூத்துக்குடித் தீவுகளும் உள்ளன. ஆகவே நம் மலையின் ஆறு சென்று முடிவது பவளத் தீவுகளின் நடுவே என்று சொன்னால் அது மிகையன்று.

இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை ஏறத்தாழ 140 கிலோமீட்டர் நீளத்துக்கு, கரையை ஒட்டி 21 தீவுகள் வரிசையாக அமைந்திருந்தன. இவற்றைச் சூழ்ந்துள்ள பவளப் பாறைகளைக் காக்கும் பொருட்டு, 560 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பு 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. இத்தீவுகளின் பெயர்களைக் கேட்கும்போது ஓர் உண்மை விளங்கும். காரைச்சல்லி, விளாங்குச்சல்லி, புலுவினிச்சல்லி. சல்லி என்பது உடைந்த பவளத் துண்டுகளுக்குக் கடற்கரை மக்கள் வழங்கும் பெயர். அலை உடைத்துக் குவித்த பவளச் சல்லியும் மணலுமே இத்தீவுகளின் உடம்பு.

தூத்துக்குடிக்கு வடக்கேயுள்ள ஒரு கடற்கரை ஊரில், தம் இளமைக் காலத்தில் இந்தப் பவளக் கல்லைத் தோண்டி விற்றுப் பிழைத்த முதியவர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தேன். கடப்பாரையால் நெம்பிப் பெயர்ப்பார்களாம். பெயர்த்ததை வத்தையில் ஏற்றிக் கரைசேர்ப்பார்களாம். "அப்போ அது கல்லுன்னுதான் சாமி நெனச்சோம். உசுருன்னு எங்களுக்கு யாரு சொன்னா? ஒரு வத்தை கல்லு கொண்டாந்தா அன்னைக்கு அடுப்பு எரியும்" என்றார். அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கல் சுண்ணாம்புக் காளவாய்களுக்கும், கட்டடங்களுக்கும், கால்சியம் கார்பைடு செய்யும் தொழிலுக்கும் சென்றது. அதனால் செல்வம் சேர்த்தவர் யாராயினும், அந்த முதியவர் அல்லர்.

கல் என்று அவர் நினைத்ததிலும் பாதி உண்மை உண்டு. பவளம் ஒரு சிறு விலங்கு. சொறிமீனுக்கும் கடற்சாமந்திக்கும் உறவு. குண்டூசித் தலையளவே உள்ள உயிர்களும் இவற்றுள் உண்டு. கடல்நீரிலுள்ள சுண்ணாம்பை எடுத்துத் தன்னைச் சுற்றிக் கிண்ணம் போல ஒரு கூடு கட்டிக்கொள்கிறது. ஒன்றின்மேல் ஒன்றாக, தலைமுறை தலைமுறையாக இக்கூடுகள் சேர்ந்தே பாறையாகின்றன. மேற்பரப்பில் மெல்லிய தோலாக உயிர் இருக்கும். அடியில் இருப்பதெல்லாம் முன்னோர் விட்டுச் சென்ற வீடு. உருண்டையாகத் திரளும் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளரும். ஓர் ஆள் உயரப் பாறையைப் பெயர்ப்பவன், நூறாண்டுக்கு மேற்பட்ட உழைப்பை அரைநாளில் பெயர்த்துவிடுகிறான்.

இந்த உயிரின் பிழைப்பு இன்னும் வியப்புக்குரியது. இதன் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலைக் கொண்டு உணவு சமைத்து, அதில் பெரும்பங்கைப் பவளத்துக்கு வாடகையாகக் கொடுக்கிறது. பவளம் அதற்கு இருப்பிடமும் உரமும் தருகிறது. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் இப்பாசியால் வருவதே. வெயில் வேண்டுமாதலால் நீர் ஆழமற்றதாகவும் தெளிந்ததாகவும் இருக்கவேண்டும். சேறு கலங்கி வந்தால் வெளிச்சம் மறைகிறது. படிந்த மண் உயிரை மூடுகிறது.

உலகக் கடலடியில் பவளப் பாறைகள் பெற்றிருக்கும் இடம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ கால்பங்கு தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் இவற்றை அண்டுகின்றன. களவா, விளமீன், ஓரா, கிளிமீன், சிங்கி இறால் எல்லாம் இங்கே வளர்வன. "பாரு இல்லாட்டி மீனு ஏது?" என்றார் அந்த முதியவர். பார் என்று அவர்கள் சொல்வது கடலடிப் பாறைத்திட்டை. அதன் மற்றொரு பணியைக் கரையிலிருந்தே காணலாம். கடலிலிருந்து சினந்து வரும் அலை பாறையில் மோதி வலுவிழந்து, அடங்கியே கரைக்கு வருகிறது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது இக்கரையைப் பெரிதும் காத்தது இலங்கையின் நிழலே. எனினும் தீவுகளும் பாறைகளும் உதவியதைத் தாம் கண்டதாக மீனவர் பலர் உறுதியாகச் சொல்கின்றனர். 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டிருந்தன. சட்டம் பாதி செய்ததை அந்த அலை முழுமையாக்கிற்று. 2005க்குப் பின் கல் தோண்டும் தொழில் ஓய்ந்தது.

ஆனால் அதற்குள் இரண்டு தீவுகள் கடலில் மூழ்கிவிட்டன. கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி. தூத்துக்குடிப் பக்கம் விளாங்குச்சல்லி. சுற்றியிருந்த பாறையைப் பெயர்த்ததால் அலையைத் தடுக்க ஒன்றுமில்லாமல் போய், மணல் அரித்துச் செல்லப்பட்டது.

கடப்பாரையைச் சட்டத்தால் நிறுத்திவிட்டோம். வெப்பத்தை எந்தச் சட்டம் போட்டு நிறுத்துவது? கோடையில் கடல்நீரின் வெப்பம் 30 பாகையைக் கடந்து பல வாரங்கள் நிலைத்தால், பவளத்துக்கும் பாசிக்கும் உள்ள உறவு முறிகிறது. பாசி வெளியேற்றப்படுகிறது, நிறம் போய் உயிர் வெள்ளை வெளேரென்று ஆகிறது. இதையே வெளிறல் என்கின்றனர். வெளிறியவுடன் அது இறந்துவிடுவதில்லை, பட்டினி கிடக்கிறது. விரைவில் நீர் குளிர்ந்தால் பாசி திரும்பும்; இல்லையேல் சாவுதான். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடா இத்துன்பத்தைக் கடுமையாக அனுபவித்தது. 2016இல் மட்டும், தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தாரின் கணக்குப்படி, ஏறத்தாழ 16 விழுக்காடு பவளம் மடிந்தது. கிளை கிளையாக வளரும் பவளங்களே மிகுதியாக அழிந்தன. உருண்டைப் பவளங்கள் ஓரளவு தாங்கின. ஆஸ்திரேலியாவின் மாபெரும் பவளத்திட்டும் அதே ஆண்டில் இதே நோயால் வருந்தியது. 2024இல் உலகளாவிய நான்காம் வெளிறல் அறிவிக்கப்பட்டது.

நல்லெண்ணத்தால் வந்த இடர் ஒன்றும் உண்டு. கப்பாபைகஸ் என்னும் அயல்நாட்டுக் கடற்பாசி, மண்டபக் கடற்கரையில் 1990களில் ஆய்வுக்காக வளர்க்கப்பட்டு, பின்னர் பல ஏழைப் பெண்களுக்குப் பிழைப்பாயிற்று. அதன் துண்டுகள் குருசடைத் தீவின் பவளங்கள்மேல் படர்ந்து மூடியதை 2008இல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டனர். அதைக் கையால் பிடுங்கி அகற்றும் வேலை வனத்துறைக்கு வந்து சேர்ந்தது. மிதவை கட்டிப் பாசி வளர்க்கும் தாயின் உலையும் எரியவேண்டும், பவளமும் வாழவேண்டும். இதற்கு எளிய விடை சொல்வோரை நான் நம்புவதில்லை.

அழிந்ததை நட்டு வளர்க்கும் முயற்சியும் நடக்கிறது. தூத்துக்குடி நிறுவனத்தார் 2002 முதல் உயிருள்ள பவளத் துண்டுகளைச் சிமெண்டுப் பலகைகளில் கட்டிக் கடலடியில் வைத்து வருகின்றனர். கிளைப் பவளம் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் அளவும் வளர்வதால் சில ஆண்டுகளிலேயே பாறையின் தோற்றம் திரும்புகிறது. தேய்ந்துகொண்டே வந்த வான் தீவைச் சுற்றி, அலையை மட்டுப்படுத்தக் காங்கிரீட்டுச் செயற்கைப் பார்களும் இறக்கப்பட்டன. இவையெல்லாம் கோடைவரை நலமே. நட்ட பவளத்துக்கும் அதே வெப்பந்தானே?

பிளவக்கல் மலைகள் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. அங்கே காடு நிற்கும்வரை மண் மலையிலேயே தங்கும். ஆற்றில் வரும் வெள்ளமும் அந்த அளவுக்குத் தெளிந்து கீழிறங்கும். வழியில் சாயக்கழிவும் சாக்கடையும் பிளாஸ்டிக்கும் அதில் சேர்வது கடற்கரை மக்கள் செய்வதன்று. உள்நாட்டு ஊர்களில் வாழும் நாம் செய்வது.

ஏப்ரல் முதல் ஜூன் வரை தூத்துக்குடி ஆராய்ச்சியாளர்கள் தீவு தீவாக நீரில் மூழ்கி, எத்தனை பவளங்கள் வெளிறியுள்ளன என்று குறித்துக்கொண்டு வருகின்றனர். அந்நாள்களில் அவர்கள் எதிர்பார்த்திருப்பது கச்சான் காற்றை. அது வலுத்து வீசிக் கடலைக் கலக்கினால்தான் நீர் குளிரும். மேற்கேயிருந்து மலையைக் கடந்து வரும் அந்தக் காற்று, பிளவக்கல் தென்னந்தோப்புகளை உலுக்கிவிட்டுத்தான் கடலுக்குச் செல்கிறது.