போலாரத்தில் ஒரு பச்சைக் குளம்

சொந்த வீட்டில் நீச்சல் குளம் வைத்திருப்போர் என் நட்பு வட்டத்தில் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. ஆயினும் அடுக்ககங்களில் வாழ்வோர் பலர். அவர்தம் பிள்ளைகள் கோடையில் இறங்கும் குளம் ஒன்று கீழ்த்தளத்தில் இருக்கிறது. அதைக் கழுவும் தொழிலாளி ஒருவரும் இருக்கிறார். அவ்விருவரையும் மனத்திற்கொண்டே இதை எழுதுகிறேன். பதிவு சற்று நீளமானது, பொறுத்தருள்க.

நீரின் கிருமிநீக்க வேதியியலில் ஆய்வு செய்துவரும் நான், செகந்திராபாத்துக்கு வடக்கே போலாரத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806இல் செகந்திராபாத் அமைந்த காலந்தொட்டு, ஆங்கிலேயப் படையைப் பின்தொடர்ந்து சென்னை மாகாணத்திலிருந்து தமிழ்க் குடும்பங்கள் இப்பகுதிக்கு வந்து தங்கின. வீட்டுக்காரம்மா அத்தகைய ஒரு குடும்பத்தவர். வயது எழுபதைக் கடந்தவர். அவர் பேசும் தமிழில் தெலுங்கும் தக்கினி உருதும் இயல்பாகக் கலந்து வரும். கணவர் கட்டிவைத்த குளத்தில் நாள்தோறும் அரைமணி நேரம் நடப்பதே அவருடைய முழங்கால்களுக்கு மருத்துவம்.

அந்தக் குளம் எட்டு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் உடையது. ஆழம் ஒரு முனையில் ஒரு மீட்டர், மறுமுனையில் 1.8 மீட்டர். முழுதாக நிரம்பினால் ஏறத்தாழ 45,000 லிட்டர் கொள்ளும். கடந்த மூன்று கோடைகளிலும் அது பச்சையாகியது. ஒவ்வொரு முறையும் கடைக்காரர் சொற்படி குளோரின் மாத்திரைகள் இரட்டிப்பாக்கப்பட்டன. சில நாள் தெளியும்; மீண்டும் சுவரோரம் வழுக்கத் தொடங்கும். இவ்வாண்டு ஏப்ரலில் எத்தனை மாத்திரை போட்டும் நிறம் மாறவில்லை.

“தம்பி, பேசாம மண்ணைக் கொட்டி மூடிடலாம்னு பார்க்கிறேன். தெருமுனையில ஜனங்க குடத்தோட நிக்கிறாங்க. இங்க இவ்வளவு தண்ணி அழுகிக் கெடக்குது” என்றார் அம்மா. மே இறுதியில் பேத்தி வரவிருந்தாள் என்பது அவருடைய இன்னொரு கவலை.

அக்கவலைக்குக் காரணம் இருந்தது. வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கினேன். நாற்பது சென்டிமீட்டரில் அது மறைந்தது. இத்தாலிய வானியலாளர் ஆஞ்சலோ செக்கி 1865இல் கடல்நீரின் தெளிவை அளக்கக் கையாண்ட முறை இதுவே. நீச்சல் குளத்தில் இந்த எண் உயிர் காக்கும் எண்ணாகும். அடித்தளம் கண்ணுக்குத் தெரியாத குளத்தில் ஒரு குழந்தை மூழ்கினால் கரையில் நிற்பவர்க்குத் தெரியாது. பாசி நோய் தருமா என்று பலர் கேட்கின்றனர். அதற்கு முன் கேட்க வேண்டியது தரை தெரிகிறதா என்பது.

பாசியின் இயல்பைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருக்கின்றனர். குறுந்தொகை 399ஆம் பாட்டில் பரணர், தலைவியின் பசலைக்கு ஊருணிப் பாசியை உவமையாக்குகிறார். கை பட்ட இடத்தில் விலகி, கையை எடுத்ததும் மூடிக்கொள்ளும் தன்மையே அங்கு உவமைப் பொருள். குளம் கழுவும் தொழிலாளர் ஒவ்வொரு நாளும் காண்பதும் அதுவே. தேய்த்தால் போகிறது, மறுநாள் திரும்பி வருகிறது. அவ்வாறு திரும்பி வரும் பாசியைக் கொல்லும் பொறுப்பு குளோரினுக்கு உரியது. எங்கள் குளத்தில் குளோரின் ஏன் அப்பொறுப்பை ஆற்றவில்லை?

குளோரின் நீரில் கரையும்போது ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகிறது. கிருமியையும் பாசியையும் கொல்வது பெரும்பாலும் இதுதான். வெயிலில் இது மிக விரைவாகச் சிதைந்துவிடும். அதனால் திறந்தவெளிக் குளங்களில் சயனூரிக் அமிலம் என்னும் நிலைப்படுத்தியைச் சேர்க்கின்றனர். அது குளோரினைப் பற்றிக்கொண்டு வெயிலிலிருந்து காத்து, சிறிது சிறிதாக விடுவிக்கும். லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் வரை இருந்தால் நன்மை. அளவு மீறினால் பற்றிய பிடி இறுகிவிடும். சோதனைக் குழாயில் குளோரின் இருப்பதாகக் காட்டும், ஆனால் பாசியைத் தாக்கும் வடிவில் இருப்பது மிகக் குறைவு.

கடைகளில் விற்கப்படும் வெள்ளை மாத்திரை டிரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலத்தால் ஆனது. அதில் குளோரினும் நிலைப்படுத்தியும் சேர்ந்தே உள்ளன. ஒரு லிட்டர் நீருக்கு 10 மில்லிகிராம் குளோரின் தரும் அளவு மாத்திரை, ஏறத்தாழ 6 மில்லிகிராம் சயனூரிக் அமிலத்தையும் விட்டுச்செல்கிறது. குளோரின் செலவாகிவிடும். சயனூரிக் அமிலம் ஆவியாவதில்லை, எளிதில் சிதைவதுமில்லை. நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் குளோரின் தேவைப்படும் குளத்தில், மாத்திரையை மட்டுமே நம்பினால், ஐந்து மாதத்தில் 180 மில்லிகிராம் சேர்ந்துவிடும். கோடைதோறும் நீர் ஆவியாகக் குறைய, எஞ்சியதில் செறிவு மேலும் கூடும்.

மாதிரி நீரைச் சம அளவு நல்ல நீருடன் கலந்து சோதித்தபோது 90 வந்தது. அதாவது குளத்தில் 180. இந்த நிலையில் பாசி வராமல் காக்கவே 13 மில்லிகிராமுக்கு மேல் குளோரின் வேண்டும். வந்த பாசியைக் கொல்ல, குளப் பராமரிப்பாளர் கைக்கொள்ளும் கணக்குப்படி சயனூரிக் அமிலத்தின் நாற்பது விழுக்காடு, அதாவது 72 மில்லிகிராம் வேண்டும். அது நடைமுறைக்கு ஒவ்வாத அளவு. பாசியின் மீது ஏற்றிவந்த பிடிவாதப் பழி உண்மையில் மூன்றாண்டு மருந்தின் எச்சத்துக்கு உரியது.

மயில்துத்தம் போடலாமே என்று பலர் அறிவுரை கூறினர். செப்பு சல்ஃபேட் பாசியைக் கொல்லும் என்பது உண்மை. குடிநீர்த் தேக்கங்களில் அதைப் பயன்படுத்தும் முறையை மூர், கெல்லர்மன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் 1904இல் அரசு வெளியீடாகவே தந்தனர். ஆனால் செம்பும் நீரிலேயே தங்கிவிடும். சுவரில் நீலப்பச்சைக் கறையாகப் படியும். எங்கள் குளத்தின் ஓட்டு இணைப்புகளில் அக்கறை முன்பே இருந்தது. தங்கிவிடும் ஒரு பொருளால் நேர்ந்த தொல்லையைத் தங்கிவிடும் இன்னொரு பொருளால் தீர்க்க முனைவது முறையன்று.

எஞ்சிய வழி நீரை வெளியேற்றுவது. 2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக் குளங்கள் உலகத்தார் கண்முன் பச்சையாயின. ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றியதால் குளோரின் செயலிழந்தது என்று அமைப்பாளர்கள் விளக்கினர். அவர்களும் இறுதியில் ஒரு குளத்தின் நீரை, ஏறத்தாழ 37 லட்சம் லிட்டரை, வெளியேற்றிப் புதுநீர் நிரப்பினர். ஆனால் போலாரம் ரியோவன்று. இது பாறை நிலம். கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் இளைத்துவிடும், தெருவெங்கும் தண்ணீர் லாரிகள். 2024 மார்ச்சில் பெங்களூருக் குடிநீர் வாரியம் நீச்சல் குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தத் தடை விதித்து, மீறினால் ₹5,000 அபராதம் என அறிவித்ததை அம்மாவே எனக்கு நினைவூட்டினார்.

ஆகவே எவ்வளவு நீரை இழக்கலாம் என்று இருவரும் அமர்ந்து கணக்கிட்டோம். சயனூரிக் அமிலத்தை 45க்குக் கொண்டுவர முக்கால் பங்கு நீரை மாற்ற வேண்டும். 60 போதும் என்றால் மூன்றில் இரு பங்கு, அதாவது 30,000 லிட்டர். எஞ்சிய குறைப்பை மழைக்கு விட்டுவிடலாம். ஒருபுறம் விட்டுக்கொண்டே மறுபுறம் ஊற்றினால் இதே பயனுக்கு ஏறத்தாழ 50,000 லிட்டர் செலவாகும். முதலில் இறக்கிவிட்டுப் பின்பு நிரப்புவதே சிக்கனம். அந்த நீரும் சாக்கடைக்குப் போகவில்லை. மாத்திரையை நிறுத்திச் சில நாளில் குளோரின் முற்றும் அடங்கியபின், நாளுக்கு 1,500 லிட்டர் வீதம் இருபது நாள் தென்னைக்கும் புங்கனுக்கும் பக்கத்து வீட்டு மாமரங்களுக்கும் பாய்ச்சினோம். மருந்தற்ற பச்சை நீரில் கொசு பெருகாதிருக்க மோட்டாரை ஓட்டி, மேற்குழாயிலிருந்து நீர் விழுந்து பரப்பைக் கலைத்துக்கொண்டே இருக்குமாறு செய்தோம். கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியை ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று கண்டறிந்தது இதே செகந்திராபாத்தில்தான். இவ்வூரில் இருந்துகொண்டு தேங்கிய நீரில் அசட்டையாக இருப்பது தகாது.

நீர் இறங்க இறங்கச் சுவர் வெளிப்பட்டது. ஓட்டு இணைப்புகளில் கரும்புள்ளிகள். கரும்பாசி என்று சொல்லப்படும் இது உண்மையில் பாசியே அன்று, நீலப்பச்சை நுண்ணுயிரி. சிமென்ட் துளைகளில் வேரூன்றியது போலப் பற்றி, வழவழப்பான உறையைப் போர்த்திக்கொள்ளும். அந்த உறை கிழியாமல் குளோரின் உட்புகாது. கம்பித் தூரிகையால் இணைப்பு இணைப்பாகத் தேய்த்தாக வேண்டும்.

தேய்த்தவர் அந்தத் தொழிலாளி. இருபத்திரண்டு வயது, ஒடிசாவிலிருந்து வந்தவர், பதினொரு வீட்டுக் குளங்களைப் பைக்கில் சுற்றிப் பார்த்துக்கொள்கிறார். என்னை ‘அன்னா’ என்றே அழைப்பார். கையுறை இல்லை, விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது. சென்ற ஆண்டு வேறொரு வீட்டில், மாத்திரைத் தூள் ஒட்டியிருந்த குவளையால் ப்ளீச்சிங் பவுடரை அள்ளியபோது சீறிப் புகைந்ததாகவும், அதன்பின் இரண்டு வாரம் மாடி ஏற மூச்சு வாங்கியதாகவும் சாதாரணமாகச் சொன்னார். இவ்விரண்டும் குளோரின் என்ற ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. ஈரத்தோடு சேர்ந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். ப்ளீச்சிங் பவுடரோடு ஆசிட் கலந்தால் வெளிவருவது குளோரின் வாயு. 1915இல் ஈப்ரு போர்க்களத்தில் படைவீரர்களைக் கொன்ற அதே வாயு. அவருடைய பைக்கில் மூன்றும் ஒரே சாக்கில் தொங்கிக்கொண்டிருந்தன. இதை அவருக்கு எவரும் சொன்னதில்லை.

அன்றே கையுறையும் கண்ணாடியும் முகமூடியும் வாங்கினோம். மூன்று மூடியிட்ட வாளிகளுக்கு மூன்று நிறப் பட்டை ஒட்டினோம். ஒவ்வொன்றுக்கும் தனிக் குவளை.

நிரப்பியபின் வேலை எளிதாயிற்று. பி.எச். மதிப்பை 7.2க்கு இறக்கினோம், 7.5க்கு மேல் போனால் பாதிக்கும் குறைவான குளோரினே கொல்லும் வடிவில் இருக்கும். நிலைப்படுத்தி சேர்க்காத திரவ சோடியம் ஹைப்போகுளோரைட்டை மாலையில் ஊற்றி, குளோரினை 24 மில்லிகிராமுக்கு உயர்த்தினோம். பத்து விழுக்காட்டுக் கரைசலில் இதற்கு ஏறத்தாழ 11 லிட்டர் தேவைப்பட்டது. குறைந்த அளவை மறுநாளும் ஈடுசெய்து, காலை மாலை தேய்த்து, மணல் வடிகட்டியை இரவும் பகலும் ஓடவிட்டோம். இத்தகைய உயர் அளவில் சாதாரணச் சோதனைச் சாயம் வெளுத்துப்போய்க் குளோரினே இல்லை என்று காட்டக்கூடும். ஆதலால் தயோசல்ஃபேட்டைக் கொண்டு அளந்தேன். சூரியன் மறைந்தபின் எடுத்த அளவுக்கும் விடியுமுன் எடுத்த அளவுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மில்லிகிராமுக்குள் வந்தால் உயிருள்ள பாசி எஞ்சவில்லை என்று கொள்ளலாம். ஒன்பதாம் நாள் வந்தது. ஆழ்முனையில் கிடந்த பீங்கான் தட்டின் விளிம்புப் பூ வேலைப்பாடு மேலிருந்தே தெரிந்தது. குளோரின் இறங்கும்வரை காத்திருந்து, பேத்தி வந்த மூன்றாம் நாள் அம்மா அவளுடன் நீரில் இறங்கினார்.

நீர்க்கணக்கு இன்னும் முடியவில்லை. 32 சதுர மீட்டர் பரப்பில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானாலும் 190 லிட்டர் போகிறது. எனவே பயன்படுத்தாத நேரத்தில் தார்ப்பாய் போர்த்துகிறோம். போலாரத்து ராஷ்டிரபதி நிலையத்தில் சீரமைக்கப்பட்ட பழைய படிக்கிணறுகளைப் பார்த்து வந்த அம்மா, மாடி மழைநீரைக் குளத்துக்குத் திருப்பலாமா என்று தாமே கேட்டார். ஐதராபாத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். நூறு சதுர மீட்டர் மாடியில் அது 80,000 லிட்டர். முதல் மழையைக் கழித்துவிட்டு, வலைவடிகட்டி வழியே விட்டோம். ஆகஸ்டில் சயனூரிக் அமிலம் 40க்கு இறங்கியிருந்தது. அடுத்த கோடையில் லாரி வாங்க நேர்ந்தால் குளத்தை மூடிவிடுவதென்று அம்மா சொல்லியிருக்கிறார். அதை மறுக்க என்னிடம் வேதியியல் ஏதுமில்லை.

அந்த இளைஞர் இப்போது சோதனைப் பட்டையும் குறிப்பேடும் வைத்திருக்கிறார். பதினொரு குளங்களில் ஏழில் நூற்றுக்கு மேல் காட்டுகிறதாம். நீரைக் குறைக்கச் சொன்னால், மாத்திரையைக் கூட்டிப் போடு என்கிறார்களாம்.

உங்கள் அடுக்ககத்தில் குளம் இருந்தால், பராமரிப்புக் குழுவிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். சயனூரிக் அமிலம் கடைசியாக எப்போது அளக்கப்பட்டது, எவ்வளவு? ஆழ்முனையின் தரை கரையிலிருந்து தெரிகிறதா? மருந்து கலப்பவரிடம் கையுறையும் முகமூடியும் தனித்தனி வாளிகளும் இருக்கின்றனவா? விடைகளைக் கீழே எழுதினால், எண்களைப் பார்த்து எவ்வளவு நீரை மாற்ற வேண்டும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்கிறேன்.